பிரிட்டன் அரச குடும்பத்துக்கு மக்கள் செய்யும் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் ஓரத்தில், சிறு கடைகளுக்கு வரவுசெலவுக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், மழை வெயில் விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி இதுதான்: "அங்கே ராஜாவுக்கு நீங்கதான் படியளக்கிறீங்களாமே?" முடிசூட்டு விழாவை டிவியில் பார்த்த அக்கா மகன், "மாமா, அந்தத் தங்க ரதத்துக்கு யார் காசு?" என்று கேட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். தொகைகள் பவுண்டில் இருக்கின்றன. கோடி என்றால் நம்முடைய கோடிதான். இங்கும் அரசாங்கத்தின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது.

அரசருக்குச் சம்பளம் உண்டா?

சம்பளம் என்று எதுவும் இல்லை. அவருடைய அலுவல் செலவுகளுக்காக அரசாங்கம் ஆண்டுதோறும் ஒரு தொகை தருகிறது. அதற்குப் பெயர் சாவரின் கிராண்ட். அரச மானியம் என்று சொல்லலாம். அரண்மனை ஊழியர் சம்பளம், கட்டடப் பராமரிப்பு, அலுவல் பயணம், விருந்தினர் உபசாரம் எல்லாம் இதில் அடக்கம். 2011-இல் சட்டம் போட்டு, 2012 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் சிவில் லிஸ்ட் என்று ஒரு தொகையும், அரண்மனைப் பராமரிப்புக்கும் பயணத்துக்கும் தனித்தனி மானியங்களும் இருந்தன.

முதல் ஆண்டில் அரச மானியம் 3.1 கோடி பவுண்டு. 2025-26-இல் 13.21 கோடி. நம் பணத்தில் சுமார் 1,500 கோடி ரூபாய்.

பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு மடங்கு எப்படி ஏறியது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மானியத்தை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் விவாதித்து நிர்ணயிப்பதில்லை. ஒரு சூத்திரம் நிர்ணயிக்கிறது. கிரௌன் எஸ்டேட் என்ற பெரிய சொத்து நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஈட்டிய லாபத்தில் ஒரு சதவீதத்தைக் கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கருவூலம் தருகிறது. தொடக்கத்தில் 15 சதவீதம். பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய மின்கம்பிகளையும் குழாய்களையும் கொதிகலன்களையும் மாற்றப் பத்து ஆண்டுகளுக்கு 36.9 கோடி பவுண்டு தேவை என்று முடிவானதால், 2017-18-இல் அதை 25 சதவீதம் ஆக்கினார்கள். மானியம் ஒரே ஆண்டில் 4.28 கோடியிலிருந்து 7.61 கோடிக்கு ஏறியது.

அடுத்து வந்தது காற்று. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து கரையோரக் கடலின் அடித்தளம் கிரௌன் எஸ்டேட் வசம் இருக்கிறது. கடலில் காற்றாலை நிறுவும் கம்பெனிகள் இடத்தைப் பிடித்துவைப்பதற்கே பெருந்தொகை கட்டவேண்டும். 2023 ஜனவரியில் ஆறு திட்டங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022-23-இல் 44.26 கோடியாக இருந்த லாபம், 2023-24-இல் 110 கோடிக்குப் போனது. இந்தத் திடீர் வரவு பொதுநலனுக்குப் போகட்டும் என்று அரசர் சார்லஸ் தாமே கேட்டுக்கொண்டார். அதை மதித்து எழுதுகிறேன். சதவீதத்தை 12 ஆகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் 110 கோடியில் 12 சதவீதம் 13 கோடியைத் தாண்டியது.

நான் நெடுநேரம் நின்று பார்த்த இடம் வேறு. சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: கணக்குப்படி எவ்வளவு குறைவாக வந்தாலும், மானியம் முந்தைய ஆண்டின் தொகைக்குக் கீழே போகக்கூடாது. 2024-25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 44.26 கோடியில் 12 சதவீதம் 5.31 கோடி. கொடுத்தது 8.63 கோடி, அதாவது முந்தைய ஆண்டின் அதே தொகை. நல்ல காலத்தில் ஏறும், கெட்ட காலத்தில் இறங்காது. என்னிடம் கணக்குப் பார்க்கும் கடைக்காரர் யாருக்கும் இப்படி ஒரு வருமானம் இல்லை. இங்கே ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ இப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது.

கிரௌன் எஸ்டேட் அரசரின் சொத்துதானே? முழு லாபத்தையும் அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டுச் சிறு பங்கைத்தானே வாங்குகிறார்? மக்களுக்கு இதில் லாபம்தானே?

இந்த வாதத்தைப் படித்தவர்களும் நம்புகிறார்கள். அரண்மனையை ஆதரிப்பவர்கள் அடிக்கடி சொல்வதும் இதுதான். ஆனால் கணக்கு இடிக்கிறது.

ஒரு காலத்தில் அரசாங்கம் என்றாலே அரசர்தான். நீதிபதிக்கும் தூதருக்கும் அதிகாரிக்கும் அவர் சம்பளம் தரவேண்டும். அதற்கான வருமானம்தான் இந்த நிலங்களிலிருந்து வந்தது. 1760-இல் மூன்றாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தபோது அந்த வருமானம் செலவுக்குப் போதவில்லை. நில வருவாயை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தார். ஆட்சிச் செலவின் பெரும் சுமையும் அவர் தோளிலிருந்து இறங்கியது. பதிலுக்கு ஆண்டுத் தொகை ஒன்று வாங்கிக்கொண்டார். சொத்தைத் தானமாகக் கொடுத்தார் என்று சொல்வது பாதிக் கதைதான். சொத்தோடு கடமையும் சேர்ந்தே கைமாறியது.

இன்றைக்கு லண்டனின் ரீஜன்ட் ஸ்ட்ரீட், செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பாதி, விண்ட்சர் பூங்கா நிலம், கடலடி எல்லாம் கிரௌன் எஸ்டேட்டில் இருக்கின்றன. அரசரால் அதில் ஒரு கடையைக்கூட விற்கமுடியாது, யாருக்கும் எழுதிவைக்க முடியாது. அது முடி என்ற பதவியின் சொத்து. கலெக்டர் பங்களா கலெக்டருடையதுதானே என்று கேட்டால் நாம் என்ன சொல்வோமோ, அதுதான் இங்கும் பதில். நாளைக்கே பிரிட்டன் குடியரசானாலும் ரீஜன்ட் ஸ்ட்ரீட் இருந்த இடத்தில்தான் இருக்கும், வாடகை கருவூலத்துக்குத்தான் வரும்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு விழுகிறது?

மானியத்தை மட்டும் மக்கள்தொகையால் வகுத்தால், 2025-26-இல் ஆண்டுக்குச் சுமார் 1.90 பவுண்டு. இங்கே ஒரு டீக்கு அதைவிட அதிகம் கொடுக்கவேண்டும். அரண்மனையின் ஆண்டறிக்கை வெளிவந்ததும் செய்தித்தாள்கள் முதலில் எழுதுவது இந்தத் தலைக்கணக்கைத்தான். எதையும் ஏழு கோடிப் பேரால் வகுத்தால் சில்லறையாகத்தான் தெரியும். மானியத்தில் வராத செலவுகளையும் அது மறைத்துவிடுகிறது.

பிரிட்டனின் வரித்துறை, நாம் கட்டிய வருமான வரி எதற்கெல்லாம் போனது என்று ஆண்டுதோறும் ஒரு சுருக்கப் பட்டியல் தருகிறது. மருத்துவம், சமூக நல உதவி, ஓய்வூதியம், கடன் வட்டி, கல்வி, பாதுகாப்பு, சாலை என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. என்னுடையதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன். வெளிநாட்டு உதவிக்குக்கூட ஒரு வரி இருந்தது. அரண்மனைக்கு இல்லை. தொகை சிறியது என்பதால் தனியாகக் காட்டவில்லை என்று சமாதானம் சொல்லலாம். நம் ஊரில் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சிறியதோ பெரியதோ, அளந்திருக்கவேண்டும்.

பாதுகாப்புச் செலவு இதில் சேர்ந்திருக்கிறதா?

இல்லை. அது உள்துறையும் போலீஸும் பார்க்கும் செலவு; தொகையை வெளியிடுவதில்லை. எத்தனை பேர், எங்கே, எந்த நேரம் என்று வெளியே சொன்னால் ஆபத்து என்பது நியாயம். மொத்தத் தொகையைச் சொல்வதால் யாருக்கு என்ன ஆபத்து என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

அப்படியானால் உண்மையான மொத்தச் செலவு எவ்வளவு?

அரசாங்கமே கூட்டிச் சொன்ன ஒரு மொத்தம் கிடையாது. அரசாட்சி வேண்டாம் என்று இயக்கம் நடத்தும் ரிபப்ளிக் என்ற அமைப்பு, 2024-இல் ஆண்டுக்கு 51 கோடி பவுண்டு என்று கணக்கிட்டது. பாதுகாப்பு, அரச குடும்பத்தார் வருகைக்காக உள்ளாட்சி மன்றங்கள் செய்யும் செலவு, கீழே நான் சொல்லப்போகும் டச்சிகளின் வருமானம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. அது ஒரு தரப்பின் கணக்கு, அதில் பல இடங்கள் மதிப்பீடுதான். டச்சி வருமானத்தைப் பொதுச் செலவாகக் காட்டலாமா என்று நியாயமாகவே வாதாடலாம். ஆனால் மறுப்பவர்கள் தங்களுடைய முழுக் கணக்கை வைத்து மறுக்கவில்லை. ஒரு பக்கம் மதிப்பீடு, மறுபக்கம் மௌனம். இந்த நிலைதான் என்னை உறுத்துகிறது. தொகை 51 கோடியா 20 கோடியா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

அரசர் வரி கட்டுகிறாரா?

கட்டுகிறார், தாமாக முன்வந்து. சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

விக்டோரியா அரசி 1842 முதல் வருமான வரி கட்டினார். பின்னால் வந்தவர்கள் காலத்தில் அது படிப்படியாகக் கரைந்து, 1930-களில் அறவே நின்றுபோனது. திரும்ப வந்ததற்குக் காரணம் ஒரு தீ. 1992 நவம்பர் 20 அன்று விண்ட்சர் கோட்டையின் வழிபாட்டு அறையில், திரைச்சீலையில் பட்ட விளக்கிலிருந்து நெருப்புப் பற்றியது. நூறு அறைகளுக்கு மேல் சேதம். கோட்டை அரசுடைமை, காப்பீடும் இல்லை. செலவை அரசாங்கமே ஏற்கும் என்று அமைச்சர் ஒருவர் அறிவித்ததும் மக்கள் கொதித்தார்கள். நாடு அப்போது பொருளாதாரச் சரிவில் இருந்தது. வீட்டுக் கடன் கட்டமுடியாமல் வீடு இழந்தவர்கள் ஏராளம். வரி கட்டாத குடும்பத்தின் கோட்டையை வரி கட்டுகிறவன் பழுதுபார்ப்பதா என்ற கேள்வி எங்கும் எழுந்தது. ஒரு வாரத்துக்குள் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் எழுந்து, எலிசபெத் அரசி வரி கட்டுவார் என்றார். 1993-லிருந்து கட்டினார். பக்கிங்ஹாம் அரண்மனையின் ராஜ மண்டபங்களையும் அந்த ஆண்டுதான் டிக்கெட் போட்டு மக்களுக்குத் திறந்தார்கள். பழுதுபார்க்க ஆன 3.65 கோடி பவுண்டில் பெரும்பகுதி அந்த டிக்கெட் பணத்திலிருந்தே வந்தது.

மக்கள் கேட்டார்கள், கிடைத்தது. இந்த ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன்.

வாரிசு வரி மட்டும் இன்னமும் இல்லை. இங்கே சாதாரணமாக ஒருவர் இறந்தால், பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேல் உள்ள சொத்துக்கு 40 சதவீதம் வரி உண்டு; சில விலக்குகளும் உண்டு. லண்டன் பக்கம் பழைய வீடு ஒன்று வைத்திருந்தவரின் பிள்ளைகள், அந்த வரிக்காகவே வீட்டை விற்பதைத் தொழிலில் பார்க்கிறேன். அரசரிடமிருந்து அடுத்த அரசருக்குப் போகும் சொத்துக்கு அந்த வரி கிடையாது என்று 1993 உடன்படிக்கை சொல்கிறது. 2022-இல் எலிசபெத் அரசி மறைந்தபோது அவருடைய சொந்தச் சொத்து அப்படித்தான் சார்லஸுக்குப் போனது. சொத்தின் மதிப்பு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. அரச குடும்பத்தாரின் உயில்களைப் பூட்டிவைப்பது நூறு ஆண்டுக்கு மேலான வழக்கம். இளவரசர் பிலிப்பின் உயிலை 90 ஆண்டுகளுக்குத் திறக்கக்கூடாது என்று 2021-இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

டச்சி என்றால் என்ன?

இரண்டு பெரிய பண்ணைச் சொத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லங்காஸ்டர் டச்சியின் வருமானம் அரசருக்கு. கார்ன்வால் டச்சியின் வருமானம் பட்டத்து இளவரசருக்கு; அது 1337-இல் மூன்றாம் எட்வர்ட் தன் மகனுக்காக ஏற்படுத்தியது. 2023-24-இல் லங்காஸ்டர் 2.74 கோடியும் கார்ன்வால் 2.36 கோடியும் கொடுத்தன. இவை மானியத்துக்கு மேல் வருபவை. இந்த டச்சிகள் நிறுவன வரி கட்டுவதில்லை. சார்லஸ் இளவரசராக இருந்தபோது தாம் கட்டிய வருமான வரி எவ்வளவு என்று ஆண்டுதோறும் வெளியிட்டார். இப்போதைய பட்டத்து இளவரசர் வில்லியம் தரப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் அந்தத் தொகை இல்லை.

தனியார் சொத்து, அதில் நமக்கென்ன என்று கேட்கலாம். இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

லங்காஸ்டர் டச்சியின் பழைய எல்லைக்குள், உயில் எழுதாமல், உரிமை கோர உறவினர் யாரும் இல்லாமல் ஒருவர் இறந்தால், அவர் விட்டுச்செல்லும் பணம் டச்சிக்குப் போகிறது. கார்ன்வாலிலும் அப்படியே. இங்கிலாந்தின் மற்ற இடங்களில் அந்தப் பணம் கருவூலத்துக்குத்தான். செலவு போக மிச்சம் தர்ம காரியங்களுக்கு என்று டச்சிகள் சொல்லிவந்தன. லங்காஸ்டர் டச்சி அதில் ஒரு பகுதியைத் தன் வாடகைக் கட்டடங்களைப் புதுப்பிக்கச் செலவிட்டது 2023-இல் செய்தியாக வெளிவந்தது. நாதியில்லாமல் போனவர்களின் சேமிப்பு அது. படித்த அன்று மனசு ஆறவே இல்லை.

இன்னொன்று டார்ட்மூர் சிறைச்சாலை. நெப்போலியன் காலத்துப் போர்க்கைதிகளுக்காகக் கட்டியது. கார்ன்வால் டச்சியின் நிலம்; நீதி அமைச்சகம் ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டு வாடகை தருகிறது. கட்டடத்துக்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயு அளவுக்கு மீறி இருப்பது தெரிந்து, 2024-இல் கைதிகள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். கைதியே இல்லாத சிறைக்கும் குத்தகைப்படி வாடகை ஓடியது. கொடுப்பது வரிப்பணம், போய்ச் சேரும் இடம் இளவரசரின் கணக்கு. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. தலைக்கு 1.90 பவுண்டு என்ற கணக்கில் இது எங்கேயும் வராது.

மிளகு வாடகை என்று செய்தியில் வந்ததே, அது என்ன?

நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன அதே மிளகுதான். ஆங்கிலேயச் சட்டத்தில், பேருக்கு ஒரு வாடகை இருக்கவேண்டும் என்றால் ஆண்டுக்கு ஒரு மிளகு என்று பத்திரத்தில் எழுதுவார்கள். அதுவும் கேட்டால் கொடுத்தால் போதும்.

விண்ட்சரில் ராயல் லாட்ஜ் என்று முப்பது அறை மாளிகை ஒன்று கிரௌன் எஸ்டேட்டுக்குச் சொந்தம். 2003-இல் அது அரசியின் மகன் ஆண்ட்ரூவுக்கு 75 ஆண்டு குத்தகைக்குப் போனது. அவர் பத்து லட்சம் பவுண்டு முன்பணம் கட்டினார், பழுதுபார்க்க 75 லட்சம் செலவு செய்தார். அதன்பின் ஆண்டு வாடகை ஒரு மிளகு. 2025 அக்டோபரில் பத்திரத்தின் விவரம் வெளியே வந்து பெரிய விவாதமானது. வேறு காரணங்களுக்காக அவர் பட்டங்களையும் இழந்து வீட்டைக் காலி செய்யவேண்டியதாயிற்று. முன்பணத்தையும் பழுதுச் செலவையும் சேர்த்தால் அது நியாயமான பேரம்தான் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் பொதுச் சொத்தின் குத்தகைப் பத்திரம் முழுதாக மக்கள் கண்ணில் படுவதற்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்கு வாதம் கிடையாது.

முடிசூட்டு விழாவுக்கும் அரசியின் இறுதிச் சடங்குக்கும் எவ்வளவு ஆனது?

2023 மே 6 அன்று நடந்த முடிசூட்டு விழாவுக்கு 7.2 கோடி பவுண்டு. அதில் இரண்டு கோடிக்கு மேல் போலீஸ் செலவு. அக்கா மகன் கேட்ட தங்க ரதம் 1762-இல் செய்தது, அதற்குப் புதிதாகக் காசு இல்லை. 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசியின் மறைவையொட்டி நடந்த துக்க நிகழ்ச்சிகளுக்கும் இறுதிச் சடங்குக்கும் சேர்த்துச் சுமார் 16.2 கோடி.

அந்தச் சடங்கின்போது நானும் தேம்ஸ் கரை வரிசையில் நின்றேன். கையில் ஒரு நிறப் பட்டை கட்டிவிட்டார்கள். இரவெல்லாம் நகர்ந்து நகர்ந்து போனோம். எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "எழுபது வருசமா ஒரே முகம் தம்பி, போய்ப் பாக்காம இருக்க ஏலுமே?" என்றார். விடியும் நேரத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஒரு சத்தமும் இல்லை. அந்தச் செலவை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நாடு தன் துக்கத்தைச் சேர்ந்து அனுசரித்த செலவு அது. கருவூலமும் எந்தத் துறை எவ்வளவு செலவிட்டது என்று பிரித்து வெளியிட்டது. எல்லாச் செலவுக்கும் அப்படிச் செய்தால் இந்தப் பக்கத்துக்கே தேவையில்லை.

சுற்றுலாவில் போட்ட காசு திரும்ப வந்துவிடுகிறதே?

வருகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது கோட்டையையும் மதிலையும் காவலர் மாறும் அணிவகுப்பையும். அரசரைப் பார்த்துவிட்டுப் போகிறவர் யாருமில்லை. லண்டன் கோபுரக் கோட்டையில் எந்த அரசரும் வசிப்பதில்லை. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் கூட்டம். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் இரண்டு நூற்றாண்டாக ராஜா இல்லை. 2019-இல் எண்பது லட்சம் பேர் போனார்கள். பக்கிங்ஹாம் அரண்மனை கோடையில் சில வாரங்கள்தான் முழுமையாகத் திறக்கிறது. டிக்கெட் முப்பது பவுண்டுக்கு மேல். அந்தப் பணம் அரசக் கலைச்சேகரத்தைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளைக்குப் போகிறது, கருவூலத்துக்கு இல்லை.

அரச குடும்பத்தால் உலகின் கவனம் இந்த நாட்டின் மேல் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு எத்தனை பவுண்டு என்று விலை போடுகிறவர்களைத்தான் நம்புவதில்லை.

ஜனாதிபதி இருந்தால் மட்டும் செலவு இல்லையா?

உண்டு. டெல்லியில் ராஷ்டிரபதி பவனுக்கு 340 அறைகள். காவல், ஊழியர், பயணம் எல்லாம் அங்கும் இருக்கின்றன. குடியரசு என்றால் மலிவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்திய ஜனாதிபதியின் சம்பளம் மாதம் ஒன்றரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது 2018 பட்ஜெட்டில் எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. அவர் பதவி முடிந்து போகும்போது நிலமோ கடலோ எடுத்துப்போவதில்லை, மகனுக்கு எழுதிவைப்பதும் இல்லை.

மற்ற நாட்டு அரசர்கள் எப்படி?

ஸ்பெயினைப் பாருங்கள். முன்னாள் அரசர் யுவான் கார்லோஸின் பணவிவகாரங்கள் நாறியபோது, மகன் ஆறாம் ஃபெலிப்பே 2020-இல் தந்தையிடமிருந்து வரும் வாரிசுச் சொத்து தமக்கு வேண்டாம் என்று அறிவித்து, தந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டு உதவித்தொகையையும் நிறுத்தினார். 2022-இல் தம் சொந்தச் சொத்து 26 லட்சம் யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று தாமே வெளியிட்டார். சுவீடன் அரசர் 2019-இல் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரை அரசக் குடும்பப் பொறுப்பிலிருந்து விலக்கினார்; இனி அவர்களுக்குப் பொதுப்பணமும் இல்லை, பொதுக்கடமையும் இல்லை. அரசராக இருந்துகொண்டே இதையெல்லாம் செய்யமுடிகிறது.

நம் முன்னோர் காசும் இதில் போயிருக்கிறதா?

போயிருக்கிறது. லண்டன் கோபுரக் கோட்டைக்குப் போனால் நகைகள் இருக்கும் இடத்தில் இந்தியப் பேரரசு மகுடம் என்று ஒன்றைப் பாருங்கள். 1911 டிசம்பரில் டெல்லி தர்பாருக்கு ஐந்தாம் ஜார்ஜ் வந்தார். பிரிட்டனின் அரச மகுடம் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று தடை இருந்ததால், அந்த ஒரு நாளுக்காக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வைரங்கள் பதித்துப் புதிதாக ஒரு மகுடம் செய்தார்கள். விலை 60,000 பவுண்டு. இந்திய வருவாயிலிருந்து கொடுத்தது. மூன்றரை மணி நேரம் அணிந்திருந்ததில் கனம் தாங்காமல் தலை வலித்தது என்று அரசர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு எந்த அரசரும் அதை முடிசூட்டுக்கு அணியவில்லை. விடுமுறைக்கு வரும் உறவினரை அங்கே கூட்டிப்போனால், கோஹினூர் எங்கே என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். நான் இந்த மகுடத்துக்கு முன்னால் நிறுத்திக் கதையைச் சொல்வேன்.

கணக்கைக் கேட்பவர் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். மானியக் கணக்கை நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார். நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவும் விசாரிக்கலாம். 2012-க்கு முன்பு இருந்ததைவிட இது நல்ல முன்னேற்றம், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் தகவல் உரிமைச் சட்டம் அரண்மனையைத் தொடாது. அரசர், அவர் வாரிசு, அந்த வாரிசின் வாரிசு ஆகிய மூவரோடும் அரசாங்கம் நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு 2011 முதல் முழு விலக்கு. மானியத்தின் சதவீதத்தை மறுபரிசீலனை செய்யும் மூவர் யார் தெரியுமா? பிரதமர், நிதியமைச்சர், மூன்றாமவர் அரசரின் சொந்தப் பொக்கிஷ அதிகாரி. வாங்குகிறவரின் ஆள் கொடுக்கும் தொகையை முடிவு செய்யும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நானே படித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

கோடையில் அரச மானிய ஆண்டறிக்கை வெளியாகும். யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். முன்னால் இருக்கும் படங்களைத் தாண்டிப் பின்பக்கம் போங்கள். 17,000 பவுண்டுக்கு மேல் ஆன பயணங்களைத் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 2024-25 பட்டியலில், அரச ரயிலில் அரசர் க்ளோஸ்டர்ஷயரிலிருந்து ஸ்டாஃபர்ட்ஷயர் வழியாக லண்டன் போன ஒரு பயணத்துக்கு மட்டும் 44,000 பவுண்டுக்கு மேல். அந்த ரயிலை 2027 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாக அரண்மனையே அறிவித்துவிட்டது. அந்தத் தொகை வெளியில் தெரியாமல் இருந்திருந்தால் ரயில் இன்னும் எத்தனை காலம் ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி மானியம் குறையுமா?

பக்கிங்ஹாம் அரண்மனை வேலை முடியும் ஆண்டும் 2027தான். இப்போது மானியத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்வது அந்த வேலை. அது முடிந்ததும் மானியத்தைக் குறைக்கவேண்டும் என்பதில் கருவூலத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முந்தைய ஆண்டுத் தொகைக்குக் கீழே போகக்கூடாது என்ற விதி சட்டத்தில் இருக்கும்வரை தானாகக் குறையாது. நாடாளுமன்றம் கூடி அதைத் திருத்தவேண்டும். இங்கே வாக்குரிமை உள்ள நம்மவர்கள், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருப்பவர்கள் உட்பட, தங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம். நான் எழுதிவிட்டேன். இரண்டு கேள்விகள்தான் கேட்டிருக்கிறேன்: அந்த விதியை எப்போது எடுப்பீர்கள், பாதுகாப்புச் செலவின் மொத்தத் தொகையை எப்போது சொல்வீர்கள். பதில் வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.